எஞ்சினின் தண்ணீருக்கும் ஒரு வடிகட்டி: பென்ஸ் முதல் பாக் விரிகுடா வரை

ஒரு லாரி எஞ்சினைத் திறந்து பார்த்தால் மூன்று வடிகட்டிகள் கண்ணில் படும். காற்றுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று. ஆனால் எஞ்சினுக்குள் ஓடும் நான்காவது பொருள் ஒன்று இருக்கிறதே, தண்ணீர்! அதற்குப் பெரும்பாலான வண்டிகளில் வடிகட்டி கிடையாது. ஏன்? தண்ணீரில் அழுக்கே சேராதா? சேரும். அப்படியானால் அதை யாரும் கவனிக்கவில்லையா? கவனித்தார்கள். அந்தக் கவனிப்புக்கு நூறு வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு முனை ஜெர்மனியில் இருக்கிறது. இன்னொரு முனை நம்முடைய இராமநாதபுரம் கடற்கரையில், உப்பூர், தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருக்கிறது.

ஏன் தண்ணீர்?

எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சூடாக வெளியேறுகிறது. மீதிப் பங்கு எஞ்சினின் இரும்பிலேயே இறங்குகிறது. அந்த வெப்பத்தை உடனுக்குடன் எடுத்துப் போகாவிட்டால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மெக்கானிக்குகள் "எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், அது கொதித்து ஆவியாகப் போகும், அவ்வளவுதான். 1888-ல் அவர் மனைவி பெர்தா பென்ஸ் அந்த வகை வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் நூறு கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். உலகின் முதல் நீண்ட கார் பயணம் என்று சொல்லப்படும் அந்தப் பயணத்தில் வழியெல்லாம் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. கிடைத்த தண்ணீரை ஊற்றினார்கள். அதில் மண் இருக்கிறதா, உப்பு இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லை.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1897-ல் குழாய் ரேடியேட்டரை உருவாக்கினார். 1900-ல் தேன்கூடு வடிவ ரேடியேட்டர் வந்தது. அந்த வருடக் கடைசியில் தயாரான முதல் மெர்சிடஸ் காரின் ரேடியேட்டரில் 8,070 சின்னக் குழாய்கள்! ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் சதுரம். அவற்றின் வழியே காற்று போகும், இடுக்குகளில் தண்ணீர் ஓடும். இனி தண்ணீர் கொதித்துத் தீர வேண்டியதில்லை. அதே தண்ணீர் மீண்டும் மீண்டும் சுற்றலாம்.

ஆனால் இங்கேதான் ஒரு புதிய சிக்கல் பிறந்தது. தண்ணீரின் பாதை குறுகிவிட்டது. அகலமான தொட்டியில் கிடந்தால் தீங்கு செய்யாத துரும்பும் துருவும், மெல்லிய இடுக்கில் போய் நின்றால் பாதையையே அடைத்துவிடும்.

மூன்று வகை எதிரிகள்

தண்ணீரால் எஞ்சினுக்கு வரும் கெடுதல்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் வரலாறு தெளிவாகப் புரியும்.

முதலாவது, தண்ணீரில் மிதந்து வருவது. மண், பாசி, இலை, மீன் செதில்.

இரண்டாவது, தண்ணீரில் கரைந்து வருவது. உப்பு, சுண்ணாம்பு.

மூன்றாவது, எஞ்சினுக்குள்ளேயே பிறப்பது. துரு, பெயர்ந்து விழும் படிவு, வார்ப்பில் தங்கிப்போன மணல்.

வடிகட்டி என்றால் எல்லாவற்றையும் பிடிக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் வடிகட்டி முதல் வகையையும் மூன்றாவது வகையையும் மட்டுமே பிடிக்கும். கரைந்த உப்பு எந்தத் துணியிலும் சல்லடையிலும் நிற்காது. இரசத்தை வடிகட்டினால் மிளகு நிற்கும், உப்பு நிற்குமா?

உப்புத் தண்ணீர் ஊரில் ரேடியேட்டர்

இராமநாதபுரம் கடற்கரையில் இரண்டாவது எதிரிதான் பெரிய எதிரி. மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. உப்பூர் என்ற பெயரைக் கேட்டாலே உப்பு நினைவுக்கு வரும். அந்த ஊரின் பிள்ளையாருக்குப் பெயரே வெயிலுகந்த விநாயகர். இராமேஸ்வரம், தேவிபட்டினம் போகும் பக்தர்கள் வழியில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும் கோவில் அது. வெயிலும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்த ஊர் என்றால் எஞ்சினுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு இராமேஸ்வரம் தீவுக்கு லாரியும் பஸ்ஸும் நேராகப் போக முடிந்தது. அதற்கு முன்னால் 1914-ல் திறந்த ரயில் பாலம்தான் வழி. சாலை வந்ததும் மீன் ஏற்றும் வண்டிகளும் யாத்திரை வண்டிகளும் பெருகின. வெயிலில் சூடேறி நிற்கும் வண்டிக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் தண்ணீரை ஊற்றுவதுதான் எங்கும் இருந்த வழக்கம்.

அந்தத் தண்ணீர் உள்ளே போய் என்ன செய்கிறது? கடின நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடு பட்டதும் அது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படியும். வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறனில் இரும்பைவிட இருபது மடங்கு அளவுக்கு மோசம். அதாவது சிலிண்டருக்கு வெளியே ஒரு கம்பளி போர்த்திய மாதிரி. தண்ணீர் நிறைய இருக்கும், பம்பும் ஓடும், ஆனாலும் எஞ்சின் சூடாகும். உப்பிலுள்ள குளோரைடு இன்னொரு பக்கம் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும்.

மேலை நாடுகளில் இதற்கு ஒரு தீர்வு தற்செயலாகக் கிடைத்தது. அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளந்துவிடும். அதனால் எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவத்தை ஊற்றினார்கள். அமெரிக்காவில் 1927-ல் பிரெஸ்டோன் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. துருப்பிடிக்காமல் தடுக்கும் மருந்துகளும் காலப்போக்கில் அதோடு சேர்ந்தன. நம் ஊரில் தண்ணீர் உறைவதே இல்லை. "உறையாமல் காக்கும் திரவம் நமக்கு எதற்கு?" என்ற எண்ணத்தில் வெறும் தண்ணீரே நெடுங்காலம் ஊற்றப்பட்டது. உறைவதைத் தடுக்கும் குணம் நமக்குத் தேவையில்லைதான். ஆனால் அதோடு ஒட்டி வந்த துருத் தடுப்பு நமக்குத்தான் அதிகம் தேவை! அந்த ஒரு பெயர்க் குழப்பத்துக்கு எத்தனை எஞ்சின்கள் பலியாயின என்று கணக்கில்லை.

லாரி எஞ்சின் கடலுக்குப் போன கதை

இந்தியாவில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் முயற்சி 1950-களில் வேகமெடுத்தது. இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் 1952-ல் ஒப்பந்தம் செய்து, 1953-ல் கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டத்தைத் தொடங்கின. அன்றைய சென்னை மாகாணத்திலும் விசைப்படகுகள் வரத் தொடங்கின. அதே காலத்தில் எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய நிறுவனம், 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி லாரிகளைச் செய்துகொண்டிருந்தது. பிற்காலத்தில் அந்த லாரி எஞ்சினின் கடல் வடிவங்கள் தமிழகத்தின் விசைப்படகுகளில் பரவலாக ஏறின. உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் எங்கும் கிடைப்பார் என்பது பெரிய வசதி.

ஆனால் லாரி எஞ்சினை அப்படியே தூக்கிப் படகில் வைக்க முடியாது. லாரியில் முன்னால் ரேடியேட்டர் இருக்கும், ஓடும்போது காற்று மோதும். படகின் அடித்தட்டில் எஞ்சின் அறைக்குள் காற்று ஏது? அதனால் ரேடியேட்டரையும் ஃபேனையும் எடுத்துவிட்டுச் சுற்றிலும் தாராளமாகக் கிடக்கும் கடல் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும்.

கடல் தண்ணீரை நேரே எஞ்சினுக்குள் விட்டால்? விட்டார்கள். பழைய எஞ்சின்கள் பல அப்படித்தான் ஓடின. ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீரின் சூடு சுமார் 50, 55 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கடல் தண்ணீரிலுள்ள உப்புகள் வேகமாகப் படியும். அவ்வளவு குளிர்ச்சியாக ஓடும் எஞ்சினோ டீசலை நன்றாக எரிக்காது, தேய்மானமும் அதிகம்.

இந்தச் சிக்கலுக்கு விடை கார் பிறப்பதற்கு முன்பே கிடைத்திருந்தது. நீராவிக் கப்பல்கள் தங்கள் பாய்லரில் கடல் தண்ணீரை ஊற்றி, உப்புப் படிந்து திண்டாடிய காலம் அது. 1830-களில் இங்கிலாந்தின் சாமுவேல் ஹால் ஒரு கண்டென்சருக்குக் காப்புரிமை பெற்றார். நல்ல தண்ணீரின் ஆவி குழாய்க்கு ஒரு பக்கம், குளிர்ந்த கடல் தண்ணீர் மறு பக்கம். இரண்டும் தொட்டுக்கொள்ளாது, வெப்பம் மட்டும் குழாயின் சுவர் வழியே மாறும். கரைந்த உப்பை வடிகட்ட முடியாது என்றால், அதை உள்ளேயே விடாதே! இதுதான் அவர் யோசனையின் சாரம்.

இன்றைய விசைப்படகின் வெப்பப் பரிமாற்றியும் இதே தத்துவம்தான். எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றும். கடல் தண்ணீர் படகின் அடியில் உள்ள வால்வு வழியே ஏறி, வடிகட்டியைத் தாண்டி, பம்பைத் தாண்டி, வெப்பப் பரிமாற்றியின் குழாய்களில் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு மீண்டும் கடலுக்கே போகும்.

கடல் தண்ணீர் ஓடும் பக்கத்தில் ஒரு சின்னத் துத்தநாகத் துண்டு இருப்பதும் உண்டு. உப்பு நீர் முதலில் அந்தத் துத்தநாகத்தைத் தின்னும், மற்ற உலோகம் தப்பும். இதுவும் பழைய கண்டுபிடிப்பு. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காப்பாற்ற இந்த வழியைச் சொன்னார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் அரிக்கும் செம்பின் நச்சுத்தான் சிப்பிகளை ஒட்டவிடாமல் வைத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கப்பலின் அடியெல்லாம் சிப்பி மொய்த்துக்கொண்டது! ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும் என்பதற்கு நல்ல உதாரணம்.

பாக் விரிகுடாவின் புல்லும் சேறும்

இப்போது முதல் எதிரிக்கு வருவோம். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டருக்குப் பக்கம்தான் ஆழம். அடியில் சேறும் மணலும், பரந்த கடல்புல் வெளிகளும் இருக்கின்றன. அந்தப் புல்லை மேய வரும் கடல் பசுவுக்காகத்தான் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் விரிகுடா கலங்கிப் போகும். பெயர்ந்த புல்லும் பாசியும் மிதந்து திரியும். பிளாஸ்டிக் பைகள் இப்போது கூடுதல் துணை.

படகின் அடியிலுள்ள துளை இவற்றையெல்லாம் உறிஞ்சும். வழியில் வடிகட்டி இல்லாவிட்டால் புல் நேரே பம்புக்குப் போகும். அந்தப் பம்பினுள்ளே சுழல்வது பெரும்பாலும் ஒரு ரப்பர்ச் சக்கரம். தண்ணீர்தான் அதற்கு மசகு. தண்ணீர் வராமல் காய்ந்து சுற்றினால் சில நிமிடங்களில் ரப்பர் கருகிக் கிழியும். கிழிந்த துண்டுகள் வெப்பப் பரிமாற்றியின் குழாய்களில் போய் அடைக்கும். பிறகு எஞ்சின் சூடேறும், நிற்கும்.

லாரி நின்றால் சாலையோரம் தள்ளிவிட்டு உட்காரலாம். படகு நின்றால்? காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் போகும். பாக் விரிகுடாவில் அது சாதாரண விஷயமில்லை. 1974-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி கடலில் ஒரு கோடு கிழிக்கப்பட்டது, கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. எஞ்சின் செத்த படகுக்குக் கோடு தெரியாது. தாண்டிவிட்டால் கைது, படகு பறிமுதல், குடும்பம் மாதக்கணக்கில் காத்திருப்பது என்று கதை நீளும். கையளவு கடல்புல் அடைப்பதால் இவ்வளவும் நேரலாம் என்றால், அந்தப் புல்லைப் பிடிக்கும் சல்லடைக் கூடையின் மதிப்பு என்ன?

ஆனால் இந்த வடிகட்டிக்கு ஒரு குணம் உண்டு. அது முழு ஓட்டத்தின் குறுக்கே நிற்பது. அழுக்கைப் பிடிக்கப் பிடிக்கத் தானே அடைப்பாக மாறும். கழுவாத வடிகட்டி, வடிகட்டியே இல்லாததற்குச் சமம். அதனால்தான் கடலுக்குப் போகும் முன் வால்வை மூடி, கூடையைக் கழற்றிக் கழுவி, மறுபடி போட்டு வால்வைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் தண்ணீர் கொட்டுகிறதா என்று எட்டிப் பார்ப்பது பழகிய டிரைவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் (2017-க்கு முன் 45 நாள்) படகுகளைக் கரையேற்றிக் குழாய்களைக் கழற்றித் துலக்கக் கிடைக்கும் நேரம்.

உள்ளேயே பிறக்கும் அழுக்கு

மூன்றாவது எதிரிதான் உண்மையில் வாகனங்களில் தண்ணீர் வடிகட்டியைக் கொண்டுவந்தது.

பெரிய டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேரே தண்ணீரில் நிற்கும். ஒவ்வொரு முறை டீசல் வெடிக்கும்போதும் லைனர் மெல்ல அதிரும். அந்த அதிர்வில் தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடனே உடையும். அப்படி உடையும் குமிழி எவ்வளவு அழுத்தத்தை உண்டாக்கும் என்பதை 1917-லேயே ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அப்போது அவர் முன்னிருந்த பிரச்சினை கப்பலின் சுழலி இலைகள் அரிக்கப்படுவது. அதே குமிழிகள் லைனரையும் ஊசியால் குத்தியது போல் துளைக்கும். ஒரு நாள் துளை உள்ளே போய்விடும், தண்ணீர் ஆயிலோடு கலக்கும்.

இதற்காகத் தண்ணீரில் கலக்கும் தடுப்பு மருந்துகள் வந்தன. அவை லைனர் மேல் மெல்லிய படலமாக நின்று அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஓட ஓடத் தீர்ந்துபோகும். அமெரிக்க லாரி எஞ்சின் தயாரிப்பாளர்கள் ஒரு நல்ல வழி செய்தார்கள். ஆயில் வடிகட்டி போலவே திருகி மாட்டும் ஒரு தண்ணீர் வடிகட்டி, அதற்குள்ளேயே மருந்து! வடிகட்டி துருவையும் மணலையும் பிடிக்கும், மருந்து மெல்லக் கரைந்து தண்ணீரில் சேரும். 1990-களில் நீண்ட நாள் தாங்கும் கூலண்ட்கள் வந்த பிறகு மருந்தின் தேவை குறைந்தது, வடிகட்டியின் பேச்சும் குறைந்தது.

மறுபடி அந்தப் பேச்சு கிளம்பியது 2000-களில். அமெரிக்காவில் 2003-ல் ஃபோர்டு பிக்கப் வண்டிகளில் 6 லிட்டர் டீசல் எஞ்சின் வந்தது. அதில் ஆயிலைக் குளிர்விக்கும் பாகத்தின் தண்ணீர்ப் பாதைகள் மிகவும் மெல்லியவை. அவை அடைபட்டு எஞ்சின் கெடுவதாக உரிமையாளர்கள் பலர் சொன்னார்கள். வார்ப்பில் தங்கிய மணலைக் காரணமாகக் காட்டினார்கள். நிறுவனத்துக்காகக் காத்திருக்காமல் தாங்களே ஒரு தண்ணீர் வடிகட்டியை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

இந்த வடிகட்டியை மாட்டும் முறையில்தான் சூட்சுமம். படகின் சல்லடை போல இது முழு ஓட்டத்தின் குறுக்கே நிற்காது. அழுத்தம் அதிகமுள்ள இடத்தில் ஒரு சின்னக் குழாய் பிரித்து, வடிகட்டிக்குள் விட்டு, அழுத்தம் குறைந்த இடத்தில் திரும்பச் சேர்ப்பார்கள். மொத்தத் தண்ணீரில் சிறு பகுதிதான் ஒரு நேரத்தில் வடிகட்டப்படும். ஆனால் அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் கொஞ்ச நாளில் எல்லாம் சுத்தமாகும். முக்கியமான இலாபம் என்னவென்றால், வடிகட்டி முழுதும் அடைத்துக்கொண்டாலும் எஞ்சினின் ஓட்டம் நிற்காது. இரண்டு பக்கமும் ஒரு வால்வு வைத்தால் தண்ணீரை இறக்காமலே மாற்றலாம்.

உப்பூரில் வரவிருந்த பெரிய எஞ்சின்

உப்பூருக்கு இந்தக் கதையில் இன்னொரு இடமும் உண்டு. தலா 800 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகள் கொண்ட அனல் மின் நிலையத்தை அங்கே அமைக்கத் தமிழக மின்வாரியம் திட்டமிட்டது. அனல் மின் நிலையமும் ஒரு எஞ்சின்தான். அதற்கும் குளிர்ச்சி வேண்டும். அதுவும் கடலிலிருந்துதான். படகு வாளிக் கணக்கில் எடுத்துத் திருப்பி விடுவதை மின் நிலையம் ஆறு கணக்கில் செய்யும். மீன் குஞ்சும் முட்டையும் உறிஞ்சப்படுமோ, சூடான தண்ணீர் திரும்பி வந்தால் ஆழமில்லாத விரிகுடா என்ன ஆகுமோ என்று மீனவர்கள் அஞ்சினார்கள். விவசாயிகளும் எதிர்த்தார்கள். 2021-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு அங்கே வேலை நின்றது.

அந்தப் பெரிய நிலையத்தின் வாயிலிலும் சல்லடை வைப்பார்கள். புல்லும் பெரிய மீனும் அதில் நிற்கும். ஆனால் மீன் முட்டை நிற்காது. தண்ணீரோடு திரும்பும் வெப்பமும் எந்தச் சல்லடையிலும் நிற்காது. கரைந்த உப்பைப் பற்றிச் சொன்னோமே, அதே கதைதான்.

ஆக, இந்த நீண்ட வரலாறு சொல்வது எளிமையான விஷயம். மிதந்து வருவதற்குச் சல்லடை, அதைத் தினமும் கழுவ வேண்டும். கரைந்து வருவதற்கு வடிகட்டி உதவாது, நல்ல தண்ணீரும் தனிச் சுற்றும்தான் வழி. உள்ளே பிறப்பதற்குப் பக்கவாட்டில் ஒரு சிறு வடிகட்டியும் துருத் தடுப்பும் போதும். எந்த அழுக்கு என்று தெரியாமல் வடிகட்டி வாங்குவது, எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் மாத்திரை வாங்குவது போல. அடுத்த முறை யாராவது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உப்புத் தண்ணீரை ஊற்றப் போனால், வடிகட்டி ஊற்றினால் போதும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!